அண்ணன் கைராசி

“பழையபடி கெடுத்துக் குடுத்துடுங்க” என்றார் சிவப்புக் கார்க்காரர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஐம்பது வயசு. மூன்று வாரம் அதன் என்ஜினோடு மல்லுக்கட்டியவன் நான். மக்கர் பண்ணிக்கொண்டிருந்த கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பம்ப், இன்ஜெக்டர், சென்சார் என்று கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடுகிற எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றி, லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்க் கிடந்தேன்.

“ஏன் சார், ஸ்டார்ட் ஆகலையா?”

“சாவியைத் திருப்பறதுக்குள்ள ஆகுது. அதான் பிரச்சினை.”

“புரியற மாதிரி சொல்லுங்க. எனக்கு ஏற்கனவே பிரஷர்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாடியில எங்க அண்ணன் இருக்கார். அப்பா காரை எனக்குக் குடுத்துட்டார்னு பன்னிரண்டு வருஷமா என்கிட்ட பேச்சே கிடையாது. படியில எதிர்ல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிப்பார்.”

“சரி.”

“ஆனா ஞாயித்துக்கிழமை காலையில கார் மக்கர் பண்ணினா மட்டும் இறங்கி வருவார். ‘மடையா, உனக்கெல்லாம் காரைக் குடுத்தாரே, அவரைச் சொல்லணும்!’னு ஆரம்பிச்சார்னா அரை மணி நேரம். அப்புறம் போனட்டுக்குள்ள கையை விட்டு என்னமோ பண்ணுவார், உடனே ஸ்டார்ட் ஆயிடும். அப்படி ஒரு கைராசி.”

“பேச்சே கிடையாதுன்னீங்க?”

“திட்டறது பேச்சுல சேராதாம். அண்ணி சொல்லிட்டாங்க.”

அந்தக் கைராசிதான் என் வயிற்றெரிச்சல். பதினோரு தடவை அந்தக் கார்புரேட்டரைக் கழுவியிருக்கிறேன். என் பட்டறையில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். என் மானமே போய்க்கொண்டிருந்தது.

“‘இந்தக் குப்பையை மாத்தித் தொலைடா’ன்னு கத்தினவரே அவர்தான். சந்தோஷப்படுவார்னு மாத்தினேன். ஆறு ஞாயிறு ஆச்சு, இறங்கியே வரலை.” ஸ்டூலை என் பக்கமாக நகர்த்திக்கொண்டார். “திட்டு வாங்காம இருக்க முடியலைங்க.”

ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

“கார்புரேட்டரைத் திரும்ப மாட்ட மாட்டேன். வேணும்னா ஒண்ணு பண்றேன். ஞாயித்துக்கிழமை மட்டும் முதல் அஞ்சு தடவை பெட்ரோல் போகாத மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டுடறேன்.”

“அதுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?”

“சொல்லிக் குடுப்போம் சார்.”

“ஆறாவது தடவை அண்ணன் கை வெச்சப்புறம்தான் ஆகணும்.”

“அவர் கையை எடுத்ததும் திருப்புங்க, ஆயிடும்.”

முகமெல்லாம் சிரிப்பாக, காரை விட்டுவிட்டு பஸ் ஏறப் போனார். ஓடாத காரை ஓட வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஓடுகிற காரை மெனக்கெட்டு ஓடாமல் செய்ய லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாம் என் தலையெழுத்து.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு பெரியவர் தலை எட்டிப் பார்த்தது.

“அவன் போயிட்டானா?”

“யாரு?”

“என் தம்பி. இந்தச் சிவப்புக் கார்.”

ஓகோ, கைராசிக்காரர்! நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று எழுந்தேன்.

“ஏன் சார், கூடப் பிறந்தவர்கிட்ட பன்னிரண்டு வருஷமா பேசாம இருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

அவர் காதில் அது ஏறவே இல்லை. நேராகக் காரிடம் போய், திறந்திருந்த போனட்டுக்குள் குனிந்து பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“முன்னாடியெல்லாம் சுலபம்ப்பா. ஞாயித்துக்கிழமை அவன் குளிக்கப் போனதும் சத்தமில்லாம இறங்கி வந்து, நடுவுல இருக்கிற ஒயரைக் கொஞ்சம் உருவி விட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் வந்து திட்டிட்டு, சொருகிட்டுப் போயிடுவேன்.”

பதினோரு தடவை கழுவியிருக்கிறேன்!

“இப்பத் திறந்தா ஒரே ஒயர்க்காடா இருக்கு. தப்பா எதையாவது பிடுங்கி அப்பா காரைக் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எதைக் கழட்டணும்னு நீயே காட்டிடுப்பா. தம்பியைத் திட்டி ஆறு வாரமாச்சு.”