மலைப் பக்க ஓரம்

தேர்வாளர் வளவனின் காரைப் போலீஸ் ஊருக்கு வெளியிலேயே மறித்துவிட்டது. சித்ரா பௌர்ணமி அன்றைக்கு வேறென்ன செய்வார்கள்?

போனைக் காதில் வைத்திருந்த பலராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர்.

வளாகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். செங்கம் சாலையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். அங்கே நடக்கப்போகும் முதல் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இது. தேர்வு எழிலரசிக்கு.

இன்று நடக்காவிட்டால், இனி எல்லாத் தேர்வையும் தலைமை வளாகத்திலேயே வைத்துக்கொள்வார்கள். எழிலரசியின் பட்டமும் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வளவன் வருவதென்றால் கிரிவலம் போகும் அத்தனை ஜனத்தையும் எதிர்த்து நடக்க வேண்டும். நடக்கிற காரியமா?

எழிலரசி போனை வாங்கினாள்.

"சார், காரை அங்கயே விட்டுட்டு நடங்க. ஜனங்க எதிர்ல வருவாங்க, பயப்படாதீங்க. மலைப் பக்க ஓரமாவே வாங்க. அரை மணி நேரம், அதுக்கு மேல ஆவாது."

அவள் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் போன் கட்டானது.

அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்கள் நடக்கும் வழி என்று அதை விட்டுவிட்டு ஜனங்கள் இடது பக்கமாகவே போவார்கள். அதனால் எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் அந்த ஓரத்தில் கூட்டம் கம்மி. மயங்கி விழுந்தவரை அதன் வழியே ஸ்ட்ரெச்சரில் எதிர்த்துத் தூக்கி வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாள்.

ஏட்டில் சரி, நேரில் நம்ப முடியவில்லை என்று அறிக்கை அனுப்பியவர் இதே வளவன்.

எழிலரசி ஜன்னலருகே போய் நின்றாள். கீழே தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மனிதர் வழியில் எங்காவது சிக்கிக்கொண்டால் பட்டமும் போச்சு, மானமும் போச்சு.

பலராமன் அன்று குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

அரை மணி ஆவதற்குள் வளவன் படியேறி வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தவர், தேர்வைக் கேட்க அறையில் கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "நான் கேக்க வேண்டியதை எல்லாம் நடந்தே கேட்டுட்டேன். வேற யாராவது இருந்தா கேளுங்க."

கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எழிலரசி தயங்காமல் பதில் சொன்னாள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று வளவன் அறிவித்ததும் எழுந்த கைதட்டலைக் கேட்டு, செல்போன் கடைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் லட்டு கிடைத்தது.

பலராமனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு தலைமை வளாகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். முடிவைச் சொன்னவர், பௌர்ணமியன்று தேதி போட்டதற்காக நாலு வார்த்தை சூடாகவும் கேட்டார்.

"நாங்க எங்க சார் போட்டோம்? வேற நாள் தரோம்னு எவ்வளவோ சொன்னோம். அந்தப் பொண்ணுதான் பௌர்ணமிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு."

அறையில் எல்லோரும் எழிலரசியைப் பார்த்தார்கள்.

அவள் ஒன்றும் தெரியாதவள் போல வளவன் கையில் இன்னொரு லட்டை வைத்தாள்.