பின் சீட்டில் கேட்ட இரைச்சல்

"இருக்கு," என்றார் ஒலிப்பதிவாளர், கண்ணைத் திறக்காமலே.

காரின் பின் சீட்டில் மோவாயைச் சற்றே உயர்த்தி, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோவில் பெரிய பெரிய பாடகர்களையெல்லாம் தொண்டை வறளவைத்த தோரணை அது.

முன்பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்திருந்த கார் எலெக்ட்ரீஷியன் பெண்ணுக்கு அந்தத் தோரணையின் மதிப்பு எங்கே தெரியப்போகிறது. "சரி சார்" என்றாள்.

சரியாம்.

கார் ஸ்டீரியோவில் கேட்கும் இரைச்சலுக்காக அவர் வந்த மூன்றாவது கடை இது. முதல் கடைக்காரன் ஸ்பீக்கர் வலையில் வாயை வைத்து ஊதினான், அணைந்த அடுப்பை ஊதுகிற மாதிரி. இரண்டாவது ஆள் பாட்டை அலறவிட்டு, சூப்பராக இருக்கிறதே என்று கார் கதவிலேயே தாளம் போட்டான். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் காது என்று நினைக்கிற ஜென்மங்கள்.

இவளாவது பாட்டே வேண்டாம் என்றாள். செட்டை ஆன் செய்து வைத்துவிட்டுச் சும்மா கேட்போம் என்றாள். அந்தமட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் அவள் கேட்ட விதம்தான் சகிக்கவில்லை. தலையை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, குழம்பில் உப்புப் பார்க்கிறவள் மாதிரி சப்புக்கொட்டினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மெல்லிசாவா சார் கேக்குது?"

மெல்லிசா! குழாயைத் திறந்துவிட்டது போல உஸ்ஸென்று கொட்டுகிறது. மெல்லிசாம்.

அப்போது கண்ணை மூடியவர்தான்.

முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அவருக்கு. நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது, மூன்றாவது வரிசை வயலினில் ஒரு தந்தி மயிரிழை இறங்கியிருப்பதைக் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னவர். பாம்புச்செவி என்று முதுகுக்குப் பின்னால் பெயர். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். சத்தம் கூடுகிறதா என்று கேட்டாள். கூடவில்லை, ஒரே மட்டத்தில் இருக்கிறது என்றார். எஞ்சினை அணைத்தாள். அப்போதும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒயர்களை உருட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்கலாமே.

ஏரியல் ஒயரைப் பிடுங்கினாள். இருந்தது.

எர்த் ஒயரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, மறுபடி முடுக்கினாள். இருந்தது.

ஷெட் கூரையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தச் சொன்னார். அதன் பேரிங் போய் ஒரு மாதமாவது ஆகியிருக்கும், அதுகூடத் தெரியாமல் ஒரு கடை, அதற்கு ஒரு போர்டு என்றும் சொன்னார். அவள் ஃபேனை நிறுத்தினாள்.

முன்னால் ஏதோ டக்கென்று கழன்றது. ஸ்குரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. போச்சு, இனி அதைத் தேட ஒரு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டார். கார்க் கதவு திறந்து மூடியது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை, அந்த ஒன்றைத் தவிர.

"இப்போ சார்?"

"இருக்கு, இருக்கு, இருக்கு! எத்தனை தடவைம்மா சொல்றது? உங்களுக்கெல்லாம் காதுன்னு ஒண்ணு எதுக்கு?"



"கண்ணைத் திறங்க சார்."

திறந்தார். அவள் காருக்கு வெளியே, மேசையருகில் நின்றிருந்தாள். மேசைமேல் ஸ்டீரியோ செட் கிடந்தது. டேஷ்போர்டில் அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பொந்து. எதிலும் சேராமல் தொங்கியது பிளக்.

"கழட்டி வச்சு அஞ்சு நிமிஷமாச்சு சார்."

ஏமாற்றுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கேற்ற ஒரு வசவைத் தேடினார். உஸ்ஸென்று, ஒரே மட்டத்தில், அது கொட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டில் ஃபிரிட்ஜ் இரைகிறதென்று மனைவியோடு சண்டை போட்டு அதை மாற்றியாகிவிட்டது. ஸ்டுடியோவில் கேபிள் முழுக்கப் புதுசு. போன மாதம், எட்டு வாத்தியக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பதினோரு வருஷம் கூடவே இருந்த உதவியாளனிடம் ஹெட்போனை நீட்டி, இந்த இரைச்சலைக்கூடக் கவனிக்காமல் என்ன பதிவு செய்கிறாய் என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் அவன். வாங்கி மாட்டினான். வெகுநேரம் கேட்டான். கழற்றினான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே," என்றான், மற்றவர்கள் காதில் விழாதபடி. சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திமிர் என்று நினைத்தார். செவிடனுக்கு இங்கே என்ன வேலை என்று மைக்கிலேயே கேட்டு, வாசலைக் காட்டினார். அவன் கையிலிருந்த கேபிளை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மேசையருகில் நின்றவளும் இப்போது அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திமிர் இல்லை.

"திரும்ப மாட்டிடவா சார்?"

நாலு மணிக்கு ஸ்டுடியோவில் பதிவு இருந்தது. ஒரு பாடகி வந்து காத்திருப்பாள். பதிவு சரியென்று அவர் சொன்னால்தான் அவள் வீட்டுக்குப் போக முடியும்.

"மாட்டும்மா," என்றார். "இரைச்சல் போயிடுச்சு."