தூளிக்கு வைத்த சேலை

"ஏழு மாசக்காரி இப்படிக் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பெருக்குவாளா? நீயே சொல்லு."

வசந்தி குரலைத் தாழ்த்தவில்லை. வேலைக்காரி சனுவாராவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான். கட்டிலில் படுத்திருந்த மகள் ஸ்ரீலேகா, "பழக்கம்மா, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீலேகாவுக்கும் ஏழாம் மாதம். முதல் கரு தங்காமல் போனதால், இந்த முறை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தி அடித்துப் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்து ஹைதராபாத் வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து வீட்டுக்கு அவள்தான் காவல். மேல்வீட்டு ராஜி ஆசையாகப் பாயசம் கொண்டுவந்தாள். போன வருடம் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது என்று கேள்விப்பட்டிருந்த வசந்தி, கிண்ணத்தைக் கையால்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"பிள்ளை தங்காதவ நிழல் மாசமா இருக்கிறவ மேல படக் கூடாதுடி. இந்த வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

சனுவாரா பர்மாவிலிருந்து தப்பி வந்த அகதி. பாலாப்பூர் குடிசைகளில் குடியிருந்தாள். அவளும் வாயும் வயிறுமாக இருந்ததால் வசந்திக்கு முதலில் இரக்கம் இருக்கத்தான் செய்தது. மகளுக்குக் காய்ச்சும் பாலில் அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவந்தாள்.

காய்ச்சல் என்று சில நாள் வராமல் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்துதான் எல்லாம் கோணலாகத் தெரிந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. பாலை நீட்டினால் தலையை ஆட்டி மறுக்கிறாள். வசந்தி அறைக்குள் நுழைந்தால், மகளும் அவளும் பேசிக்கொண்டிருந்த இந்தி சட்டென்று நின்றுபோகிறது.

இன்று, தூளி கட்டுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சுங்குடிச் சேலையையும் காணோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சிவப்புச் சேலை. ஸ்ரீலேகாவே அதில்தான் தூங்கி வளர்ந்தாள். பீரோவைக் குடைந்து பார்த்துவிட்டு வந்த வசந்திக்கு வயிறு எரிந்தது.

"வயித்தைக் காட்டிக் காட்டியே வீட்டைக் காலி பண்றாடி இவ."

"அவ எடுக்கலம்மா."

"உன்னை மாதிரி ஏமாளி இருந்தா ஏன் எடுக்க மாட்டா?"

வாளியைத் தூக்கச் சனுவாரா குனிந்தாள். குர்தாவின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளைப் புள்ளியுமாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. வசந்தி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ அம்மா... நக்கோ" என்று வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சியபடி சனுவாரா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். வசந்தி விடவில்லை. இழுக்க இழுக்கச் சேலை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தட்டையான வயிற்றோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள் சனுவாரா. அவள் அழக்கூட இல்லை.

"பாத்தியா? திருட்டு மட்டுமில்ல, மாசமா இருக்கறதே பொய்" என்றாள் வசந்தி. சந்தேகப்பட்டது பலித்துவிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இறங்கவே கூடாத ஸ்ரீலேகா கட்டிலை விட்டு இறங்கினாள். அம்மாவின் கையிலிருந்து சேலையை வாங்கிச் சனுவாராவின் தோளில் போர்த்தினாள்.

"பொய் இல்லம்மா. ஆதார் கார்டு இல்லைன்னு ரெண்டு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. குடிசையிலயே பொறந்துச்சாம், அழவே இல்லையாம். என்னை மாதிரியே அவளுக்கும் தங்கல. நீ ராஜியோட பாயசத்தைத் திருப்பி அனுப்பின அன்னிக்குச் சாயங்காலம் வெறும் வயித்தோட வாசல்ல வந்து நின்னா. நீ கோயில்ல இருந்து வர்றதுக்குள்ள, இந்தச் சேலையை நான்தான் அவ வயித்துல கட்டிவிட்டேன்."