இரண்டு வருட அனுபவம்

"வேலை அனுபவம் எண்ட இடத்திலை என்ன எழுத, அத்தான்?"

விநாயகமூர்த்தி விண்ணப்பத்தை மேசையில் விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டான். லண்டனில் உள்ள வணிக முகாமைத்துவக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பம். அதைப் புங்குடுதீவுக்கு எடுப்பிக்கவே நாலு மாதம் சென்றிருந்தது.

"உள்ளதை எழுதும். எங்கையேன் வேலை பாத்தனீரோ?"

"இல்லை. நானெங்கை வேலைக்குப் போனனான்?"

சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. வயது இருபத்தேழு. எண்பத்துமூன்று கலவரத்தில் கப்பலேறி ஊருக்கு வந்தபின், மூன்று வருடம் வீட்டிலிருந்தே விழுந்து விழுந்து படித்து வெளிவாரிப் பட்டமும் எடுத்தாயிற்று. கூடப் படித்தவர்கள் வங்கியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் உத்தியோகம் பார்த்தார்கள். இவனுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. இந்த லண்டன் படிப்பும் தவறினால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

அக்காவின் புருசன் தியாகலிங்கம் அத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்புகிற ஊர். அங்கே தனக்கு என்ன மரியாதை என்பது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

"அப்ப அதிலை ஒரு கோடு கீறிவிடட்டோ?" என்றான் விநாயகமூர்த்தி.

"விசரே உமக்கு? கோட்டைக் கண்டால் வெள்ளைக்காரன் தூக்கிக் குப்பையிலை போடுவான். எங்கடை கந்தோரிலை ரெண்டு வருசம் கிளாக்கராய் இருந்தனீர் எண்டு நான் ஒரு கடிதம் அடிச்சுத் தாறன்."

"பொய்யெல்லோ, அத்தான்?"

"ஒரு அனுபவமும் இல்லாத ஆளுக்கு வேறை என்ன வழி? உவங்கள் கடல் கடந்து வந்து பாக்கப்போறாங்களோ?"

விநாயகமூர்த்திக்கு மனம் கூசியது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? அடுத்த கிழமையே கடிதமும் விண்ணப்பமும் தபாலில் போயின.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விநாயகமூர்த்தி உறையைப் பிரிக்காமலே அத்தானிடம் நீட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு ஒருமுறை செருமினார்.

"என்னவாம், அத்தான்?"

"இடமில்லையாம். கந்தோரிலை கிளாக்கராய் இருந்த அனுபவம் தங்கடை வகுப்புக்குக் காணாதாம். சரக்கு வாங்கி வித்து, நாலு பேரை வைச்சு, ஒரு சின்னக் கடையெண்டாலும் தாங்களே நடத்தின ஆக்களைத்தான் எடுப்பினமாம்."

விநாயகமூர்த்தி கதிரையில் பொத்தென்று இருந்தான். மூன்று வருடப் படிப்பும் வீணாய்ப் போனதுபோல் இருந்தது. தேத்தண்ணியோடு வந்த அக்கா இராசேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா கண்மூடினதிலையிருந்து, பதுளையிலை எங்கடை கடையைக் கலவரத்திலை எரிக்கிறமட்டும், ஆறு வருசம் நீதானே தம்பி தனிய நடத்தினனீ? பதினாலு பேருக்குச் சம்பளமும் குடுத்தனீ. அதை ஏன் எழுதேல்லை?"

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். விநாயகமூர்த்தி அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"அது எங்கடை சொந்தக் கடையெல்லோ, அக்கா? கடையிலை நிண்டதை ஆரும் வேலை எண்டு எழுதுவினமோ?"