சாரோட பங்கு

"சாரோட பங்கை இன்னிக்கு நான்தான் கொண்டு போவேன்!"

கோல் கீப்பர் போட்ட கூச்சலில், தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கேப்டன் கையில் நாலு பிஸ்கட்டோடு நின்றான். "முடியாது. சாருக்குக் காய்ச்சல், ஒட்டிக்கும். என்னைத் தவிர யாரும் வரக்கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

"எதுக்கெடுத்தாலும் சார் சொன்னாரு, சார் சொன்னாரு! எங்க காதுல ஒரு தடவையாவது விழுந்திருக்கா?"

கால்பந்துப் போட்டி முடிந்து திரும்பும் வழியில் படகு பாறையில் மோதி உடைந்து, பள்ளிக்கூட அணி இந்த ஆளில்லாத தீவில் கரையேறியிருந்தது. படகோட்டி கரையேறவில்லை. கால் ஒடிந்த பயிற்சி சாரை, கேப்டனும் கீப்பரும்தான் குன்றுக்குப் பின்னால் தூக்கிப்போய் ஒரு குகையில் படுக்க வைத்தார்கள். மறுநாளே அவருக்குக் காய்ச்சல் என்றான் கேப்டன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவன் ஒருத்தனுக்குத்தான் அனுமதி.

சாப்பாட்டோடு போவான், உத்தரவோடு வருவான். தீயை யார் பார்த்துக்கொள்வது, சுனையில் தண்ணீர் யார் பிடிப்பது, ஆளுக்கு எத்தனை பிஸ்கட், எல்லாம் சார் சொன்னபடி. வந்த அன்றே தண்ணீர் கேனுக்காக ஒருத்தன் மண்டையை இன்னொருத்தன் கல்லால் உடைத்த கூட்டம் அது. கேப்டன் சொன்னால் எவன் மதிப்பான்? சார் பேரைச் சொன்னால் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்குவார்கள்.

இப்போது பிஸ்கட் பெட்டியில் கை விட்டால் அடி தட்டியது.

"நமக்கு ரெண்டு, படுத்திருக்கிற மனுஷனுக்கு நாலா?" என்றான் கீப்பர். "தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? சாமிக்குப் படையல்னு சொல்லிட்டுப் பூசாரி முழுங்குறான்டா. நாம வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!"

"திருட்டுப் பய!" என்று எவனோ கத்தினான். ஒருத்தன் கல்லைக்கூடக் கையில் எடுத்துவிட்டான்.

"கல்லு வேணாம்," என்றான் கீப்பர். " கையைத் தூக்குங்க. இனிமே நான்தான் கேப்டன், சரியா?"

கேப்டனைத் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று.

கேப்டன் சண்டை போடவில்லை. பிஸ்கட்டுகளைக் கீப்பர் கையில் வைத்தான். "சரி, போ. ஆனா நீ மட்டும் போடா. கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேற யாரையும் கூட்டிக்கிட்டுப் போகாதே."

'குட்டு உடையப் போகுதுன்னு பயம்' என்று நினைத்தபடி கீப்பர் குன்றில் ஏறினான்.

ஏற ஏற வயிறு இழுத்துப் பிடித்தது. பாதி வழியில் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டான். தலைவனுக்கு அலைச்சல் அதிகம், கூலி வேண்டாமா? இன்னொன்றும் போயிற்று. சார் என்ன எண்ணியா பார்க்கப் போகிறார்!

"சார்!"

குகைக்குள் எட்டிப் பார்த்தான். குகையில் சார் இல்லை.

வெளியே, குகை வாசலை ஒட்டி, ஆள் நீளத்துக்குக் கற்கள் குவிந்திருந்தன. தலைமாட்டில் சாரின் விசில். குவியலின்மேல் காற்று கொண்டுவந்த மணல் படிந்து கிடந்தது. இன்று நேற்று அடுக்கியது இல்லை. அத்தனை பெரிய கற்களையும் கேப்டன் ஒற்றை ஆளாக உருட்டியிருக்கிறான்.

கீப்பர் மறுபடி குகைக்குள் போய்ப் பார்த்தான். ஒரு பாறை இடுக்கில், பாலிதீன் பையில் இறுகக் கட்டி, நாலு நாலாக அடுக்கிய பிஸ்கட்டுகள். சாருக்கென்று கொண்டுபோன பங்கு அத்தனையும். ஒன்றுகூடக் கடிபடவில்லை. பெட்டி காலியானாலும் எல்லாரும் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம்.

பல்லிடுக்கில் பிஸ்கட் இன்னும் இனித்தது. கீப்பர் காறிக் காறித் துப்பினான். மிச்சம் இருந்த இரண்டைப் பையில் போட்டுக் கட்டினான். கல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இனி அழுகை வராது என்கிறவரை அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

பையன்கள் ஓடிவந்து மொய்த்தார்கள். "பார்த்தியாடா? சார் எப்படி இருக்காரு? என்ன சொன்னாரு?"

கேப்டன் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லை எடுத்தவன் அதை இன்னும் கீழே போடவில்லை.

கீப்பர் கேப்டனைக் கை காட்டினான்.

"என்னைத்தான் நல்லாத் திட்டினாரு. அவனே கேப்டனா இருக்கட்டும்னு சொல்லிட்டாருடா."