டெல்பர்ட்டின் மூக்கு

"காபி" என்றார் டெல்பர்ட், கண்ணை மூடியபடியே. "நல்லா வறுத்த காபி. அடியில லேசா சாக்லேட்."

நோரீன் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. வாசனையைப் பற்றி ஒரு சொல் தன் கணவர் வாயிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

போன குளிர்காலத்தில், வீட்டு வாசலில் உறைந்துகிடந்த பனியில் வழுக்கி அவர் மல்லாக்க விழுந்தார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் முடியைவிட மெல்லியவை. சல்லடை மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. அதன் துளைகள் வழியாகத்தான் அவை மேலே ஏறுகின்றன. மண்டையில் அடிபட்டு மூளை ஒரு குலுங்கு குலுங்கினால், அந்த இடத்திலேயே அவை அறுந்துபோகும்.

"ஒரு வருஷம் பாருங்க. அதுக்குள்ள வாசனை தெரியலைன்னா மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கார் ஷெட்டில் அண்டா வைத்து, ஆசைக்குப் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த மனிதர். நாக்குக்குத் தெரிவது கசப்பு, இனிப்பு, புளிப்பு மாதிரி நாலைந்துதான். மீதி ருசி முழுக்க மூக்கு செய்யும் வேலை. மூக்கு போனதும் எந்தப் பீரும் அவருக்குக் கசந்த தண்ணீராகிவிட்டது. ஊருக்கு, விஸ்கான்சினுக்கு, திரும்பியதும் அண்டா, பீப்பாய் எல்லாவற்றையும் பழைய கூட்டாளி விர்ஜிலுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

கப்பலிலேயே பீர் காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த அலாஸ்கா பயணத்துக்கு டிக்கெட் எடுத்தவள் நோரீன். நப்பாசைதான். இத்தனை நாளும் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் இல்ல நோரீ" என்று கீழே வைத்தார் டெல்பர்ட். நேற்று மதியம் மேல்தளத்தில், பனிமலையைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்று அவள் அழுதாள். அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

இன்றைக்குக் காபி!

"டேய், சும்மா அளக்காத" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த விர்ஜில். அவரும் பயணத்தில் கூட வந்திருந்தார்.

"அளக்கறனா? இந்தக் கறுப்பு பீருக்கு முளைகட்டின பார்லிய காபிக்கொட்டை மாதிரியே கருக வறுத்துப் போடறாங்க. பின்ன ரோஜாவா மணக்கும்?" டெல்பர்ட் பரிமாறுகிறவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ரோடெல், அடுத்தது என்ன தம்பி?"

"ஊசியிலை மரத்துக் கொழுந்து போட்டது சார். இந்தக் கரையில பறிச்சது."

டெல்பர்ட் கிளாஸுக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுத்தார். "ஆஹா! கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்த அன்னிக்கு மணக்குமே, அது! கொழுந்துங்கறதால கொஞ்சம் எலுமிச்சையும் வருது. இலை முத்திப்போச்சுன்னா தரை கழுவற லோஷன் மாதிரி ஆயிடும்."

"அடப்பாவி, அப்போ அண்டா எனக்கில்லையா?" விர்ஜில் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் பொண்டாட்டியோட தையல் மெஷினைத் தூக்கி வெளிய போட்டு இடம் ஒழிச்சு வச்சிருக்கேன்டா. அவ என்னைக் கொன்னுடுவா!"

"அந்த இடத்துல நீ படுத்துக்க. எப்படியும் அவ உன்னை ரூமுக்குள்ள விடப்போறதில்ல."

நோரீன் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பீர் பக்கமே போகாதவள், "எனக்கும் ஒண்ணு கொண்டுவாப்பா" என்றாள்.

"கோதுமை பீர் குடிச்சுப் பாருங்க மேடம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஜெர்மன் முறை. இன்னொண்ணு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டது."

"ஆரஞ்சு எனக்கு."

"ஜெர்மன் எனக்கு" என்றார் டெல்பர்ட்.

பாரில் நல்ல கூட்டம். ரோடெல் இரண்டு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினான். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே கலங்கல், தலையில் ஒரே மாதிரி நுரைக் குல்லாய்.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மூக்குதான் பிரிச்சுச் சொல்லும்" என்றபடி டெல்பர்ட் தன் பக்கத்துக் கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். ஒரு பெரிய மடக்கு குடித்தார்.

"வாழைப்பழம்! பின்னாடியே கிராம்பு. இதுல ஒரு துண்டு வாழைப்பழம் போடல நோரீ, தெரியுமா? எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. வெதுவெதுப்பா வச்சா வாழைப்பழம் தூக்கலா வரும், கொஞ்சம் குளுமையா வச்சா கிராம்பு முன்னாடி வரும். ஊருக்குப் போனதும் மொதல்ல இதைத்தான் காய்ச்சப்போறேன்."

"ஒழிஞ்சு போ. அண்டாவ நீயே வச்சுக்க" என்றார் விர்ஜில். மேசைக்கு மேல் எட்டி டெல்பர்ட்டின் தோளில் ஓங்கித் தட்டினார்.

நோரீனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எட்டி, இரண்டு கையாலும் கணவர் முகத்தைப் பிடித்து இழுத்து முத்தமிட்டாள். அவர் மீசை முழுக்க நுரை.

நுரையில் ஆரஞ்சுத் தோல் மணத்தது. கூடவே கொத்தமல்லி.

அவள் மெல்ல விலகி உட்கார்ந்தாள். இன்னும் தொடாமலிருந்த தன் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பழுத்த வாழைப்பழம், கிராம்பு.

விர்ஜில் பக்கம் வாசனை போவதற்குள் மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள். டெல்பர்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நோரீ, நான் சொன்னது சரிதானே?"

"உன் மீசையெல்லாம் வாழைப்பழம், டெல்."