வயலினுக்கு ஒரு பொட்டு

உலக இசை வரலாறு இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு நாரந்தனைச் சனசமூக நிலையத்தில் திரும்பப் போவதாக ஒலிபெருக்கி அறிவிக்கிறது. முப்பது வருடமாக வயலின் செய்துவரும் பிரதாபனின் வயலின் ஒன்று இத்தாலியில் நடக்கும் வயலின் செய்வோர் போட்டிக்கு நாளை புறப்படுகிறது. இது அதற்கான வழியனுப்பு விழா. ஆறு தடவை விண்ணப்பித்தவரை இப்போதுதான் அழைத்திருக்கிறார்கள். மேசையில், வெள்ளைத் துணிமேல், பனங்கட்டி நிறத்தில் வயலின் மினுங்குகிறது. உப்புக்காற்றில் வார்னிஷ் இன்னும் இறுகவில்லை. நிலையத் தலைவர் வைத்திலிங்கம் சந்தனக் கிண்ணத்தில் பெருவிரலைத் தோய்க்கிறார். “அண்ணை, தொடாதேங்கோ, காயேல்லை,” என்கிறார் பிரதாபன். “பொட்டில்லாமல் கடல் கடக்கிறதோ? சும்மா இரும் ஐசே. இதுக்கு நெற்றி எது?” “நெற்றி இல்லை அண்ணை.” “அப்ப நடுவிலை வைப்பம்.” பெருவிரல் பக்தியோடு அழுந்துகிறது, ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்லப் பிரிகிறது. சபை கைதட்டுகிறது. தடுக்க நீட்டிய கையை மடக்காமலே பிரதாபன் நிற்கிறார். பொன்னாடை தோளிலிருந்து நழுவுகிறது. யன்னல் வெயிலில், சந்தனத்துக்கு நடுவே, தலைவரின் விரல் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. மேற்பூச்சில் தழும்புள்ள வயலினை அந்தப் போட்டியில் எடுத்துக்கொள்வதில்லை.